தலிமெரன் ஆவோ: கல்லூரி மைதானம் தந்த கேப்டன்

1. கேள்வி

சுதந்திர இந்தியா தன் கொடியோடு முதன்முதலாக ஒலிம்பிக்கில் அணிவகுத்தது 1948 ஜூலை 29 அன்று, லண்டன் வெம்பிளி அரங்கில். அந்தக் கொடியை ஏந்தி முன்னே நடந்தவர் நாகா மலையில் பிறந்த முப்பது வயது மருத்துவ மாணவர் தலிமெரன் ஆவோ. இந்தியக் கால்பந்து அணிக்கும் அவரே கேப்டன். 1950இல் எம்.பி.பி.எஸ். முடித்தார், சில ஆண்டுகளில் கோஹிமா மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்தார், 1978இல் நாகாலாந்து சுகாதாரத் துறை இயக்குநராக ஓய்வு பெற்றார். 1998இல் மறைந்தார். நாட்டின் முதல் ஒலிம்பிக் கால்பந்துக் கேப்டனின் ஆட்ட வாழ்க்கை ஏறக்குறைய ஒரு கல்லூரிப் படிப்பின் அளவுக்குள் அடங்கிவிட்டது.

அவரைப் பற்றி வந்துள்ள எழுத்துகள் பெரும்பாலும் மூன்று கதைகளைச் சுற்றியே நடக்கின்றன. வெறுங்காலோடு ஆடியதைக் கேலி செய்த ஆங்கிலப் பத்திரிகையாளருக்கு அவர் கொடுத்த பதிலடி ஒன்று. ஆர்சனல் கிளப் அழைத்தும் மறுத்துவிட்டார் என்பது இன்னொன்று. டாக்டராக வேண்டும் என்று இறந்துபோன தந்தை ஆசைப்பட்டதை நிறைவேற்றவே ஆட்டத்தை விட்டார் என்பது மூன்றாவது. மூன்றுமே அவருடைய குணத்தைப் போற்றுகின்றன. மூன்றையும் படித்து முடித்த பிறகும் ஒரு கேள்வி விடை கிடைக்காமல் நிற்கிறது: இத்தனை திறமையுள்ள ஒருவர் கால்பந்தையே தொழிலாகக் கொண்டு வாழ அன்றைய இந்தியாவில் வழி இருந்ததா? இக்கட்டுரை அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ஆவோவை உருவாக்கிய நிறுவனங்களையும் அவர் ஆட்டம் முடிந்த விதத்தையும் சேர்த்துப் பார்த்தால், அவர் வாழ்க்கை ஒரு தனிமனிதத் தியாகமாக மட்டும் தோன்றாது என்பது என் வாதம்.

2. இம்பூரிலிருந்து கல்கத்தா வரை

ஆவோ 1918 ஜனவரி 28 அன்று, அசாம் எல்லையை ஒட்டிய சாங்கி கிராமத்தில் பிறந்தார். இன்றைய மொகோக்சுங் மாவட்டத்தில் உள்ள ஊர் அது. தந்தை சுபோங்வாதி நிங்தாரி ஒரு போதகர். குடும்பம் இம்பூருக்குக் குடிபெயர்ந்தது. அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் 1894இல் ஆவோ நாகர் பகுதியில் அமைத்த தலைமையிடம் அது. கோயில், பள்ளி, மருத்துவ உதவி மூன்றும் ஒரே வளாகத்தில் இருந்தன. பந்தை முதன்முதலில் அவர் உதைத்தது அந்த வளாகத்தில்தான். 1935இல் தந்தை டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். மகன் மருத்துவம் படித்து மக்களுக்குப் பணி செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம் என்று குடும்பத்தார் நினைவுகூர்கிறார்கள். நல்ல மருத்துவமனை மலையில் இல்லாத காலத்தில் காய்ச்சலுக்குத் தந்தையைப் பறிகொடுத்த பையனுக்கு அந்த விருப்பம் எவ்வளவு கனத்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இம்பூரை அடுத்து ஜோர்ஹாட் மிஷன் பள்ளி, அதற்கடுத்துக் குவாஹாட்டியின் காட்டன் கல்லூரி. 1901இல் தொடங்கிய இக்கல்லூரி அன்றைய அசாமின் முதன்மையான உயர்கல்வி நிலையம். ஓட்டம், தாண்டுதல், வாலிபால், கால்பந்து எனக் கல்லூரி விளையாட்டில் ஆவோ பேர் எடுத்தது இங்கேதான். குவாஹாட்டியின் மகாராணா கிளப்பும் அவரை எடுத்துக்கொண்டது. 1942இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மறு ஆண்டே மோகன் பகான் ஜெர்சி அணிந்தார்.

இந்த வரிசையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். சாங்கி, இம்பூர், ஜோர்ஹாட், குவாஹாட்டி, கல்கத்தா என ஒவ்வொரு படியிலும் அவரை மேலே ஏற்றியது ஒரு கல்வி நிலையம். ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் ஒரு மைதானம் இருந்தது. கிளப் இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. இரண்டு முறையும் படிப்புக்காக அவர் வந்து சேர்ந்த ஊரில் வருகிறது. ஆட்டத்தைத் தேடி அவர் ஊர் மாறியதாக இந்தப் பாதையில் ஓர் இடம்கூட இல்லை.

காலமும் சாதாரணக் காலம் அல்ல. அவர் கல்கத்தாவில் காலூன்றிய 1943இல் வங்கப் பஞ்சம். 1944இல் கோஹிமாவில் ஜப்பானியப் படையோடு பெரும் போர். அவர் சொந்த மலை போர்க்களமாகிக் கிடந்தது. 1946இல் கல்கத்தாக் கலவரம். இவற்றுக்கு நடுவே மோகன் பகான் 1943, 1944 ஆண்டுகளில் கல்கத்தா லீக்கை வென்றது. 1911க்குப் பிறகு கைக்கு எட்டாமலே இருந்த ஐ.எஃப்.ஏ. கேடயத்தை 1947இலும் 1948இலும் கைப்பற்றியது. இந்தக் காலத்தில்தான் ஹாஃப் பேக் இடத்தில் நின்று ஆடிய ஆவோ அணிக்குக் கேப்டனாகவும் உயர்ந்தார். எதிரியின் தாக்குதலை உடைத்து, பந்தை முன்வரிசைக்கு ஏற்றிக் கொடுக்கும் இடம் அது. கோல் கணக்கில் பெயர் வராது; ஆட்டத்தின் போக்கு அங்கேதான் தீர்மானமாகும்.

3. இல்ஃபோர்டு, 1948 ஜூலை 31

பர்மா விலகிக்கொண்டதால் இந்தியா நேரே பிரான்சைச் சந்தித்தது. கிழக்கு லண்டனின் இல்ஃபோர்டில் கிரிக்கிள்ஃபீல்டு மைதானம். பலாய்தாஸ் சட்டர்ஜி பயிற்சியாளர். இந்திய அணியில் வங்காளத்துக்கு இணையாகப் பெங்களூர்–மைசூர் வட்டாரமும் நிறைந்திருந்தது: கோல் காப்பாளர் வரதராஜ், முன்வரிசையில் ஆடிய சாரங்கபாணி ராமன், தன்ராஜ், வஜ்ரவேலு, அகமது கான். தென்னிந்தியக் கால்பந்து வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பட்டியலை இன்னும் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

முப்பதாவது நிமிடத்தில் பிரான்சின் கூர்பன் கோல் அடித்தார். இந்தியாவுக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன. சைலேன் மன்னாவும் மகாபீர் பிரசாத்தும் ஆளுக்கொன்றைத் தவறவிட்டார்கள். எழுபதாவது நிமிடத்தில் ராமன் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோல் அது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகும் என்று இருந்த நிலையில், 89ஆவது நிமிடத்தில் பெர்சியோன் அடித்த கோலில் 2–1 என்று தோல்வி. இரண்டு பெனால்டிகளில் ஒன்று கோலாகியிருந்தாலும் கதை வேறு. பிரான்சோடு கடைசி நிமிடம் வரை சரிக்குச் சரி நின்ற இந்த அணி, விடுதலையின் முதல் ஆண்டைக்கூட நிறைவு செய்யாத ஒரு நாட்டின் அணி.

4. வெறுங்கால் கதை

அந்த ஆட்டத்தில் இந்தியர்களில் பெரும்பாலானோர் பூட்ஸ் அணியவில்லை. பாதத்தில் துணிக்கட்டு மட்டும். இதைப் பற்றிக் கேட்ட பத்திரிகையாளரிடம், நாங்கள் ஆடுவது காலால் ஆடும் ஆட்டம், உங்களுடையது பூட்ஸால் ஆடும் ஆட்டம் என்ற பொருளில் ஆவோ சொன்ன பதில் இன்றுவரை மேற்கோளாகச் சுற்றுகிறது. வார்த்தை இப்படித்தான் விழுந்ததா என்பது ஒரு புறம் இருக்கட்டும். அந்தப் பதிலில் ஒரு மாணவரின் கூர்மை இருக்கிறது. முன்பு ஆண்டவர்களின் மண்ணில் நின்று கூசாமல் பேசும் தன்மதிப்பு இருக்கிறது. அது விரும்பப்படுவதில் வியப்பில்லை.

ஆனால் வெறுங்காலைத் தேசிய அடையாளமாக்குவது வரலாற்றோடு ஒட்டவில்லை. 1911இல் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2–1 என்று வென்று கேடயம் பெற்ற மோகன் பகான் அணியில், ஒருவர் பூட்ஸ் அணிந்தே ஆடினார்: கல்லூரி ஆசிரியரும் போதகருமான சுதீர் சட்டர்ஜி. வெறுங்கால் என்பது பெரிதும் பழக்கத்தையும் கைக்காசையும் சார்ந்தது; பூட்ஸ் விலை பலருக்கு எட்டாத விலை. 1936இல் முகமது சலீம் ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்குப் போய், அதன் மாற்று அணிக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து சலீமின் பாதத்தில் கட்டுப் போடும் புகைப்படம் புகழ்பெற்றது. அந்தப் படத்தில் உள்ள உழைப்பைப் பார்த்தால் வெறுங்கால் என்ற சொல்லே முழு உண்மை இல்லை என்று புரியும். இறுக்கிச் சுற்றிய துணியே அவர்களுக்குப் பூட்ஸாக இருந்தது.

இந்த அடையாளத்துக்கு விலையும் கொடுத்தோம். 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகாததற்கு வெறுங்காலுக்கு விதித்த தடையே காரணம் என்ற கதை பரவியது. அது உண்மையான காரணம் அல்ல என்று சைலேன் மன்னாவே பின்னாளில் மறுத்தார். உலகக் கோப்பையின் மதிப்பை இந்தியக் கால்பந்துச் சங்கம் அன்று உணரவில்லை என்பதே பொருத்தமான விளக்கம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்ற பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. ஆவோவின் பதிலைப் பெருமையோடு திருப்பிச் சொன்ன நாடு, அவர் அணிக்கு வேண்டிய பயிற்சியும் கருவிகளும் எங்கே என்று கேட்கத் தவறிவிட்டது.

5. ஆர்சனல் கதை

லண்டனில் ஆவோவின் ஆட்டத்தைக் கண்ட ஆர்சனல் கிளப் அவரை அழைத்ததாகவும், படிப்பை முடிக்க வேண்டும் என்று அவர் மறுத்ததாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஓராண்டு ஒப்பந்தம் என்று சிலர் விவரமும் சேர்க்கிறார்கள். இது பெரும்பாலும் பின்னாளைய நினைவுகள் வழியாகவும் பத்திரிகைக் கட்டுரைகள் வழியாகவும் நமக்கு வருகிறது. நிச்சயம் என்று சொல்ல அது போதாது. நடந்திருக்க முடியாது என்று தள்ளவும் முடியாது. சூழ்நிலையை வைத்து எடை போடலாம்.

முதலாவது, சட்டம். 1931 முதல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் வெளிநாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இரண்டு ஆண்டு வதிவிட நிபந்தனை வைத்திருந்தது. ஆனால் பிரிட்டிஷ் ஆட்சிப்பரப்பிலிருந்து வந்தவர்களுக்கு அது தடையாக இருக்கவில்லை. 1946–47இல் லீக்கை வென்ற லிவர்பூல் அணியில் தென்னாப்பிரிக்கரான பாப் பிரைடே ஆடினார். 1950 வரை இந்தியாவும் டொமினியன்தான். ஆகவே ஆவோவுக்கு வாசல் அடைத்திருக்கவில்லை.

இரண்டாவது, ஆர்சனலின் அன்றைய நடைமுறை. போருக்குப் பிறகு அந்த அணியில் சம்பளம் வாங்காமல் ஆடிய அமெச்சூர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கெவின் ஓஃபிளானகன். அயர்லாந்துக்காரர், டப்ளினில் மருத்துவம் படித்தவர், லண்டன் பகுதியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆர்சனலுக்காக ஆடியவர். மருத்துவமும் கால்பந்தும் ஒரே ஆளிடம் சேர்வதை ஆர்சனல் ஏற்கெனவே பார்த்திருந்த கிளப்.

மூன்றாவது, பணம். இங்கிலாந்தில் அன்று ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. 1947இல் அது வாரத்துக்கு 12 பவுண்டு. 1961 வரை அந்த வரம்பு நீங்கவில்லை. இன்றைய ஆர்சனலை மனதில் வைத்து, கோடிகளை உதறியவர் என்று ஆவோவைக் காட்டுவது பொருந்தாது. முப்பது வயதில், பட்டத்துக்கு இரண்டு ஆண்டே மீதி இருக்கையில், மிஞ்சிப்போனால் சில பருவங்கள் நீடிக்கும் ஒரு வேலை அது. அழைப்பு வந்திருந்தாலும் அதை மறுப்பது தெளிந்த கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவருக்கு மரியாதை செய்ய, அதைத் துறவு என்று பெயரிட வேண்டிய தேவை இல்லை.

இதே வார்ப்பில் இன்னொரு கதையும் உண்டு. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் நட்சத்திரமாக வளர்ந்து, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த கேப்டன் சுனி கோஸ்வாமியை டாட்டன்ஹாம் அழைத்ததாகவும், அவர் போகவில்லை என்றும் சொல்வார்கள். அவர் ஆட்டம் முழுக்க மோகன் பகானில். வேலை ஸ்டேட் வங்கியில். கிரிக்கெட்டில் வங்காள ரஞ்சி அணிக்குக் கேப்டனும் ஆனார். மறுக்கப்பட்ட ஆங்கில அழைப்பு என்ற கதை இப்படித் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. நம் ஆட்டக்காரரின் தரத்தை நம் நாட்டு அமைப்பால் அளந்து சொல்ல முடியவில்லை. அளவுகோலை லண்டனிலிருந்து கடன் வாங்க வேண்டியிருந்தது.

6. தொழில் இல்லாத ஆட்டம்

ஆவோவின் காலத்தில் இந்தியக் கால்பந்து பெயரளவில் அமெச்சூர் ஆட்டம். கிளப்புகள் ஆட்டக்காரரைத் தாங்கின. ஆனால் சோறு போட்டது ரயில்வே, போலீஸ், ராணுவம், துறைமுகம், வங்கி. நம் பக்கத்துச் சான்று பீட்டர் தங்கராஜ். ஆசியாவின் தலைசிறந்த கோல் காப்பாளர்களில் ஒருவராகப் பேசப்பட்ட இவர், நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில் வளர்ந்தார். அந்த அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றது. அங்கே அவர் முதலில் ராணுவ வீரர், பிறகே ஆட்டக்காரர். தமிழ்நாட்டில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, மின்வாரியம், இந்தியன் வங்கி அணிகளும் பல தலைமுறைகளுக்கு இப்படியே வாழ்வு கொடுத்தன. தேசிய லீக் 1996இல்தான் வந்தது, ஐ.எஸ்.எல். 2014இல். கிளப்புகளின் தொழில்முறை லீக்கே இல்லாத நாட்டில், ஆவோ தொழில்முறை ஆட்டத்தை விட்டார் என்பதற்குப் பொருள் இல்லை. வேலைக்குப் போகும் வழியில் பலர் ரயில்வே ஆபீஸைத் தேர்ந்தார்கள். அவர் மருத்துவமனையைத் தேர்ந்தார்.

உலக அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்கக் கால்பந்து வேறு ஆட்டம். ஆனால் கல்லூரியிலிருந்து நேரே தொழில்முறைக்குப் போகும் பாதை அங்கேதான் மிகத் திட்டமாக அமைந்தது. 1936இல் முதன்முதலாக நடந்த என்.எஃப்.எல். தொழில்முறை லீக்கின் ஆட்டக்காரர் தேர்வில் முதலாவதாகப் பெயர் வாசிக்கப்பட்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். அவர் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமல் வியாபாரத்துக்குப் போய்விட்டார். அன்றைய சம்பளம் அவ்வளவுதான். பிரேசிலில் நிலைமை வேறு: 1933இலேயே தொழில்முறை ஆட்டம் வேரூன்றியது. அங்கே மருத்துவப் பட்டம் பெற்ற சாக்ரடீஸ், படிக்கும்போதே கிளப்பில் ஆடி, பட்டம் பெற்ற பிறகு கொரிந்தியன்சுக்குச் சென்று, 1982 உலகக் கோப்பையில் நாட்டுக்குக் கேப்டன் ஆனார். அவருக்கு மருத்துவம் காத்திருந்தது. ஆவோவுக்குக் காத்திருக்க ஓர் ஆட்டத் தொழில் இல்லை. இரண்டு டாக்டர்களுக்கும் இடையே உள்ள தூரம் மன உறுதியின் தூரம் அல்ல. இரு நாடுகளின் ஏற்பாட்டுக்கு இடையே உள்ள தூரம்.

இதற்கு ஒரு மறுப்பு வரலாம். தந்தையின் விருப்பத்தை ஒதுக்கிவிட்டு அமைப்பை மட்டும் பேசுவது ஒரு மனிதனின் உள்ளத்தைக் குறுக்குவதாகாதா? நியாயமான மறுப்பு. அவர் மலைக்கே திரும்பினார் என்பதை எந்த அமைப்பும் விளக்காது. மருத்துவக் கல்லூரியும் புகழும் இருந்த கல்கத்தாவில் அவர் தங்கியிருக்கலாம். போரிலிருந்து மீண்டுகொண்டிருந்த கோஹிமாவை அவர் தேர்ந்தது அவருடைய முடிவு, அவருடைய பற்று. நான் பிரித்துப் பார்க்கச் சொல்வது இதைத்தான்: எங்கே போய் மருத்துவம் பார்ப்பது என்பதில் அவருக்குத் தேர்வு இருந்தது, ஆட்டமா மருத்துவமா என்பதில் அந்தத் தேர்வை நாடு அவருக்குக் கொடுக்கவே இல்லை.

7. சேர்வராயன் அடிவாரத்திலிருந்து

சேலத்தில், ஏற்காடு மலைக்குக் கீழே அடிவாரத்தில் இருந்து இதை வாசிக்கும்போது ஆவோவின் பாதை வேறொரு வெளிச்சம் பெறுகிறது. சேர்வராயன் மலைமேல் பெயர்பெற்ற பள்ளிகள் உண்டு. 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியில் சசி தரூரும் நடிகர் விக்ரமும் படித்தார்கள். அகன்ற மைதானங்களோடு அமைந்த இப்பள்ளிகளின் புகழ், பெரும்பாலும் சமவெளியிலிருந்து மலையேறி வந்து தங்கிப் படித்த பிள்ளைகளின் புகழ். மலையிலேயே பிறந்த மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் படிப்பது அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில். ஒரே மலையில் இரண்டு பாதைகள்.

இம்பூரின் சிறப்பு, அது மலையின் பிள்ளைகளுக்காக மலைமேல் இருந்த பள்ளி என்பது. அங்கே தொடங்கிய ஏணிக்கு அடுத்த படி ஜோர்ஹாட்டில் இருந்தது. அதற்கடுத்த படி குவாஹாட்டியில் இருந்தது. மிஷன் தன் நோக்கங்களுக்காகவே அதைக் கட்டியது. அதன் மதமாற்றப் பணி நாகர் மரபுகள் பலவற்றை அழித்தது என்ற விமர்சனமும் நிற்கிறது. ஆனாலும் ஏணியில் இடைவெளி இல்லை. படிப்பும் பந்தும் ஒன்றையொன்று விழுங்காமல் கூடவே நடந்தன.

தமிழ்நாட்டில் இன்று அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல், மருத்துவச் சேர்க்கையிலும் அவர்களுக்கு இடங்கள் இருக்கின்றன. இவை ஏணியின் உச்சிப் படிகள். மலைப்பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு வேண்டியது கீழ்ப்படி: சமமான மைதானம், நிரந்தரமான உடற்கல்வி ஆசிரியர், மாவட்டப் போட்டிக்கு இறங்கிவரப் பஸ் கட்டணம், பத்தாம் வகுப்புக்கு அப்பால் தங்கிப் படிக்க விடுதி, அந்த விடுதிக்கு அருகே ஆடும் ஒரு கிளப். ஆவோவை இந்திய அணிக்குக் கேப்டனாக்கியது இவற்றின் தொடர்ச்சி. வெறுங்காலும் ஆர்சனலும் இந்தப் பட்டியலில் எங்கும் வரவில்லை.

ஆவோவுக்கு 2018இல் அஞ்சல்தலை வந்தது. அரங்குகளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். வடகிழக்கில் அவர் பெயரில் கோப்பைப் போட்டி நடக்கிறது. அவை தகுந்த மரியாதைகள். ஆனால் அவர் வாழ்க்கை நம்மிடம் கேட்பது இன்னும் கொஞ்சம் கூடுதல். மலைப்பிள்ளை ஒருவர் டாக்டராகவும் முடியும், நாட்டின் கேப்டனாகவும் முடியும் என்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நிரூபணமாகிவிட்டது. இரண்டில் எது வேண்டும் என்று அந்தப் பிள்ளையே முடிவு செய்யும் நிலையை உருவாக்குவது ஊராட்சிக்கும் பள்ளிக்கல்வித் துறைக்கும் கால்பந்துச் சங்கத்துக்கும் எஞ்சியிருக்கும் வேலை.